கழற்றாத ஃபில்டர்

திண்டிவனத்தில் பேருந்து ஏறியதிலிருந்து வெனிலா மூன்று முறை இடம் மாறிவிட்டாள். ஜன்னலோரம் வெயில் அடித்தது. பின்சீட்டு தூக்கித் தூக்கிப் போட்டது. நடுவில் உட்கார்ந்தால் பக்கத்தில் இருந்தவர் பேச்சுக் கொடுத்தார். கடைசியில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேவிட்டாள்.

"பாதி பஸ்ஸு காலியா கீது, இன்னாத்துக்குமா நிக்கற?" என்றார் கண்டக்டர்.

"ஜல்தி எறங்கணும்."

"நீ நின்னா பஸ்ஸு ஜல்தியா போவுமா?"

அவளுடைய அப்பா சவரிராயன் இறந்து அன்றோடு இருபத்து நான்கு நாள். அவருடைய அம்பாசடர் விழுப்புரத்தில் மெக்கானிக் யாஹ்யா பாயின் ஷெட்டில் நின்றது. கோட்டக்குப்பத்திலிருந்து ஜகபர் சாதிக் என்பவர் ஞாயிற்றுக்கிழமை வந்து அதை எடுத்துப் போவதாக ஏற்பாடு. துபாயிலிருந்து திரும்பியவர், கல்யாண ஊர்வலத்துக்குப் பழைய கார் வேண்டுமாம். முப்பதாம் நாள் பூசைக்குள் வண்டி கண்ணைவிட்டுப் போய்விட வேண்டும் என்பதில் அம்மா உறுதியாக இருந்தாள். காலையில் காபியைக் கொடுத்துக்கொண்டே சொன்னாள்: "பாய்கிட்ட சொல்லிட்டேன். டேங்க்கு, பைப்பு எல்லாத்தையும் இன்னிக்கே கழுவி வுட்டுடறேன்னாரு."

கழுவிவிட்டால் தடயமெல்லாம் போய்விடும். வெனிலா பாதிக் காபியை வைத்துவிட்டுக் கிளம்பினாள்.

அவள் ஒரகடத்தில் ஒரு தொழிற்சாலையின் சோதனைக்கூடத்தில் வேலை பார்ப்பவள். வண்டிகளுக்கும் இயந்திரங்களுக்கும் ஃபில்டர் செய்கிற தொழிற்சாலை. அடைத்துக்கொண்டு திரும்பி வருகிற ஃபில்டர்களை அறுத்துப் பார்த்து, எது அடைத்தது, எங்கிருந்து வந்தது என்று எழுதிக் கொடுப்பது அவள் வேலை. போன ஆகஸ்டில் நான்கு நாள் விடுப்பில் வந்தபோது அப்பாவின் வண்டிக்கும் ஒரு ஃபில்டர் கொண்டுவந்து தன் கையாலேயே போட்டாள். நவம்பர் கடைசியில், விழுப்புரம் ஜங்ஷனில் ஒரு குடும்பத்தை இறக்கிவிட்டுத் தனியாகத் திரும்பும்போது, விக்கிரவாண்டி சுங்கச்சாவடிக்கு இரண்டு கிலோமீட்டர் முன்னால் வண்டி நின்றது. அறுபத்தேழு வயது மனிதர் தனியாளாக அதை ஓரத்துக்குத் தள்ளினார். வெயிலில் வெகுநேரம் நின்று பார்த்தார். பிறகு விழுந்தார். கொய்யா விற்கிற அம்மா ஒருத்தி பார்த்து ஆள் கூப்பிட்டிருக்கிறாள். கூட்டத்தில் அவருடைய கைபேசி தொலைந்துபோனது. மருத்துவமனையில், வழியிலேயே உயிர் பிரிந்துவிட்டது என்றார்கள்.

வண்டி ஏன் நின்றது என்று கேட்டவர்களுக்கெல்லாம் யாஹ்யா பாய் சொன்னது, "பாய்ண்ட் தீஞ்சிபோச்சு." பற்றவைக்கும் மின்சாரம் வராமல் நின்றுவிட்டது என்று அர்த்தம். எல்லாரும் கேட்டுக்கொண்டார்கள். வெனிலாவால் முடியவில்லை. அந்த பாய்ண்டையும் ஆகஸ்டில் மாற்றியவள் அவள்தான். மூன்று மாதத்தில் தீயாது என்றில்லை, தீயலாம். ஆனால் தீய்ந்ததை அவள் பார்க்கவில்லை. தன் ஃபில்டர் அடைத்துக்கொண்டதா, இல்லையா? அது தெரியாமல் அவளால் ஓரிடத்தில் பத்து நிமிடம் உட்கார முடியவில்லை. சாயங்காலம் வீட்டில் ஜெபமாலை சொல்ல வருகிற பெண்களுக்கு நடுவில் முட்டி போட்டால், இரண்டாவது மணியிலேயே எழுந்து தண்ணீர் குடிக்கப் போய்விடுவாள்.

யாஹ்யாவின் ஷெட் திருச்சி ரோட்டில் ஒரு மர டிப்போவை ஒட்டி இருந்தது. அவர் அப்போதுதான் பூட்டைத் திறந்துகொண்டிருந்தார்.

"வாம்மா. இன்னா இவ்ளோ காலையில? அம்மா எப்பிடி கீறாங்க?"

"இருக்காங்க பாய். வண்டியத் தொட்டுட்டீங்களா?"

"இனிமேதான். ஒக்காரு, டீ சொல்றேன்."

அவள் உட்காரவில்லை. நேரே போய் பானெட்டைத் தூக்கினாள். இடது பக்கம், பெட்ரோல் குழாய்க்கும் பம்ப்புக்கும் நடுவில், கறுப்பு நிறத்தில் தகர டப்பா ஒன்று இருக்க வேண்டும். இல்லை. அந்த இடத்தில் ஒரு துண்டு ரப்பர் ஹோஸ் மாட்டியிருந்தது. இரண்டு முனையிலும் புது கிளிப்.

"பாய், என் ஃபில்டர் எங்க?"

"எந்த ஃபில்டரு?"

"ஆகஸ்ட்ல நான் போட்டது."

"அதுவா." யாஹ்யா கடைப் பக்கம் திரும்பி, "ரெண்டு டீப்பா, ஒண்ணுல சக்கர கம்மி" என்று குரல் கொடுத்தார். பிறகு, "கழட்டிட்டேன்மா. பழசாயிடுச்சு."

"மூணு மாசத்துல பழசாவாது."

"நீ படிச்சவ. உங்கிட்ட நான் இன்னா சொல்றது. டீ வருது, குடி."

அவர் ஒரு வேனின் சக்கரத்தைக் கழற்றப் போய்விட்டார். வெனிலா புடவைத் தலைப்பைச் செருகிக்கொண்டாள். ஃபில்டர் இல்லாவிட்டால் என்ன, டேங்க் இருக்கிறது. குழாய் இருக்கிறது. அடைத்தது எதுவானாலும் அங்கிருந்துதான் வந்திருக்கும்.

டேங்க்கின் அடித் திருகைக் கழற்றி, இருந்த பெட்ரோலை ஒரு கேனில் பிடித்தாள். அதில் கொஞ்சம் கண்ணாடி பாட்டிலில் ஊற்றிப் பலகைமேல் வைத்தாள். ஐந்து நிமிடத்தில் அது இரண்டாகப் பிரிந்தது. மேலே மஞ்சளாகப் பெட்ரோல். கீழே இரண்டு விரல்கடை கலங்கல்.

இது அவள் எதிர்பார்த்ததுதான். இப்போது பெட்ரோலில் ஐந்தில் ஒரு பங்கு எத்தனால். அது காற்றிலிருக்கிற ஈரத்தை இழுக்கும். போதுமான தண்ணீர் சேர்ந்ததும் பெட்ரோலைக் கைவிட்டுத் தண்ணீரோடு சேர்ந்து அடியில் இறங்கிவிடும். மழைக்காலத்தில் வாரக்கணக்கில் நின்ற வண்டி வேறு. இந்தக் கலப்படச் செய்தியை அவள் வீட்டில் விளக்கியபோது சவரிராயன் கேட்டார்: "சாராயமா கலக்கறானுங்க? அப்போ போலீசு மடக்கினா என்னைய ஊதச் சொல்லுவானா, வண்டிய ஊதச் சொல்லுவானா?"

சவரிராயன் மெக்கானிக் இல்லை. அதை அவரே யாரிடமும் ஒப்புக்கொண்டதில்லை என்பது வேறு. வல்லத்துக்குப் பக்கத்தில் இரண்டு காணி வேர்க்கடலைக் கொல்லை வைத்திருந்த வீட்டில் ஐந்தாவது பிள்ளை. பதினைந்து வயதில் திண்டிவனத்துக்கு வந்து லாரியில் கிளீனராக ஏறினார். பிறகு டிரைவர். விழுப்புரத்தில் ஒரு வயதான டாக்டர் கண் தெரியாமல் ஓட்டுவதை நிறுத்தியபோது, எழுபத்து நான்காம் வருடத்து அம்பாசடர் ஒன்று அவர் கைக்கு வந்தது. அதை ஓட்டிக்கொண்டு போய் திண்டிவனம் ஸ்டேஷன் வாசலில் வாடகைக்கு நிறுத்தினார். முப்பத்தைந்து வருடம் அங்கேயே நிறுத்தினார்.

தொண்ணூறுகளில் அந்த ஸ்டாண்டில் இருந்த அம்பாசடர் எல்லாம் ஒவ்வொன்றாக டீசல் இன்ஜினுக்கு மாறின. ஓட்டுகிற செலவு பாதிக்குப் பாதி. சவரிராயன் மட்டும் மாற்றவில்லை. "டீசலு ஆளையே உலுக்கி எடுத்துரும்யா. என் வண்டியில வலியோட ஏர்றவங்கதான் ஜாஸ்தி." அது உண்மைதான். எலும்பு முறிந்தவர், நிறைமாதக்காரி, அறுவைச் சிகிச்சை முடிந்து தையலோடு வருகிறவர் என்றால் சுற்றுப்பட்டு ஊரிலிருந்து 'பெட்ரோல் சவரி' எங்கே என்றுதான் கேட்டு வருவார்கள். அதற்காக அவரை இளகிய மனசுக்காரர் என்று யாரும் சொல்லிவிட முடியாது. வண்டிக்குள் குட்கா துப்பிய ஒருவரை மயிலம் கூட்டுரோட்டில் பெட்டியோடு இறக்கிவிட்டுத் திரும்பியே பார்க்காமல் வந்தவர். கோபம் வந்தால் மனைவி சூசை மேரியோடு இரண்டு வாரம் பேசமாட்டார். தன் பக்கம் தப்பு என்று ஒரு நாளும் சொன்னதில்லை. ஸ்டியரிங்கை யாரிடமும் கொடுத்ததில்லை, ஒரே மகளிடம் தவிர.

மகள் விஷயத்தில்தான் அவர் வேறு ஆள். ஸ்டாண்டில் உட்கார்ந்து, "எம்பொண்ணு ஃபில்டர் கம்பெனில இஞ்சினீரு" என்று ஆரம்பிப்பார்.

"இன்னா ஃபில்டரு, காபி ஃபில்டரா?" என்பார் பக்கத்து வண்டி குமரேசன்.

"ஆமா, உன் மண்டையில மண்டி நெறைய கீதாம், வடிகட்டிக் குடுக்கறாளாம். வர்றியா?"

டீ ஆறிப்போய் ஏடு கட்டியிருந்தது. வெனிலா பம்ப்பைக் கழற்றித் தனியே வைத்தாள். பம்ப் இருக்கும்போது குழாயில் காற்றடித்தால் அதற்குள் இருக்கிற மெல்லிய ரப்பர் சவ்வு கிழிந்துவிடும். டேங்க் பக்கத்து முனையையும் கழற்றப் போனாள். ஸ்பானர் வழுக்கியது. திருகு மரைகளில் வெள்ளையாக, பிசுபிசுவென்று ஏதோ அப்பியிருந்தது. ஏதாவது பழைய பசையாக இருக்கும் என்று துடைத்துவிட்டாள். கம்ப்ரசர் காற்றைக் குறைவாக வைத்து, முன்பக்கத்திலிருந்து பின்பக்கமாக ஊதினாள். குழாயின் மறுமுனையில் ஒரு பாட்டிலைச் செருகியிருந்தாள்.

முதலில் துரு வந்தது. பிறகு உறைந்த வார்னிஷ் மாதிரி பழுப்புச் செதில்கள். ஐம்பது வருடப் பெட்ரோலின் எச்சம். அதற்குப் பின்னால், இழை இழையாக, வெள்ளையாக ஒரு கூழ்.

அவள் பாட்டிலை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். இத்தனை வருட வேலையில் பெட்ரோலில் துரு பார்த்திருக்கிறாள், மண், பாசி, ரப்பர்த் தூள், ஒருமுறை எறும்பு கூடப் பார்த்திருக்கிறாள். இதைப் பார்த்ததில்லை.

"பாய், இன்னா இது?"

யாஹ்யா வேனுக்கு அடியிலிருந்து தலையை நீட்டினார். பார்த்தார். மறுபடியும் உள்ளே போனார்.

"பாய்."

"தெரியலம்மா."

"பாய்ண்ட் தீஞ்சிடுச்சுன்னு சொன்னீங்களே, அந்தப் பழைய பாய்ண்ட் எங்க?"

வேனுக்கு அடியில் ஸ்பானர் சத்தம் நின்றது.

"என் ஃபில்டரத் தூக்கிப் போட்டுட்டீங்களா, வச்சிக்கினு இருக்கீங்களா, அத மட்டும் சொல்லுங்க. நான் இங்கேர்ந்து போவ மாட்டேன். சாயங்காலம் வரிக்கும் இப்பிடியே நிப்பேன்."

"பேஜாரு புடிச்ச பொண்ணுமா நீ. அப்படியே உங்கப்பன்." யாஹ்யா உருண்டு வெளியே வந்து எழுந்தார். சாமான் அலமாரியின் மேல்தட்டில் கையை விட்டு, செய்தித்தாளில் சுற்றிய பொட்டலம் ஒன்றை எடுத்தார். கொடுக்காமல் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தார். "இத அறுத்துப் பாத்து உனக்கு இன்னா கெடைக்கப் போவுது?"

"குடுங்க."

வாங்கியதுமே தெரிந்தது. கனமாக இருந்தது. உலர்ந்த ஃபில்டர் அந்த எடை இருக்காது.

ஃபில்டரை ரம்பத்தால் அறுக்கக் கூடாது. ரம்பத்தூள் உள்ளே விழுந்து, எது முன்பே இருந்தது, எது இப்போது விழுந்தது என்று தெரியாமல் போய்விடும். யாஹ்யாவிடம் பைப் கட்டர் இருந்தது. டப்பாவின் விளிம்பில் அதன் சக்கரத்தைப் பதித்துச் சுற்றினாள். ஒவ்வொரு சுற்றுக்கும் திருகை இறுக்கினாள். பதினோராவது சுற்றில் மூடி கழன்றது.

உள்ளே இருந்த மடிப்புக் காகிதத்தை வெளியே இழுத்துப் பலகைமேல் விரித்தாள். மடிப்புக்கு மடிப்பு வெள்ளைக் கூழ் அப்பியிருந்தது. பெட்ரோல் நுழைகிற பக்கம் முழுவதும். வெளியேறுகிற பக்கம் சுத்தம். புதுக் காகிதம் மாதிரி.

அடைத்துக்கொண்டது. சந்தேகமில்லை.

அவள் கொஞ்சம் கூழை இடது உள்ளங்கையில் எடுத்தாள். பலகையில் இருந்த தண்ணீர் பாட்டிலைச் சாய்த்து நான்கு சொட்டு விட்டு, வலதுகை விரலால் தேய்த்தாள். நுரைத்தது.

மறுபடி தேய்த்தாள். இன்னும் நுரைத்தது. பெட்ரோல் நெடியைத் தாண்டி ஒரு வாசனை. துணி துவைக்கிற கட்டிச் சோப்பு.

"சோப்பு" என்றாள்.

யாஹ்யா கிட்டே வந்து குனிந்தார். அவள் உள்ளங்கையைப் பார்த்தார். அவரையும் மீறி ஒரு சிரிப்பு வந்தது. "அடப்பாவி சவரிண்ணே."

லாரிக்காரர்களுக்குத் தெரிந்த வித்தைதான். பெட்ரோலில் சோப்பு கரையாது. ஆகவே எங்கேயாவது கசிந்தால், ஒரு துண்டு சோப்பை எடுத்து அழுத்தித் தேய்த்துவிட்டால் நின்றுவிடும். பெருமுக்கல் பக்கத்து ஜல்லி ரோட்டில் கல் அடித்து சவரிராயனின் டேங்க்கில் ஊசித் துளை விழுந்து பத்துப் பன்னிரண்டு வருடம் இருக்கும். அவர் டேங்க்கை இறக்கிப் பற்றவைக்கவில்லை; சோப்பு வைத்தார். கசிந்தபோதெல்லாம் மறுபடி வைத்தார். பலன் கண்டதும், குழாய் சேருகிற ஒவ்வொரு மரையிலும் தடவினார். டாஷ்போர்டில் பிளாஸ்டிக் காகிதத்தில் சுற்றி எப்போதும் ஒரு சோப்புத் துண்டு கிடக்கும். கை கழுவ வைத்திருக்கிறார் என்று மனைவியும் மகளும் இத்தனை வருடம் நினைத்துக்கொண்டிருந்தார்கள். ஆகஸ்டில் வெனிலாகூட அதில்தான் கை கழுவினாள்.

பெட்ரோலில் கரையாத சோப்பு, தண்ணீரும் எத்தனாலும் சேர்ந்ததில் கரைந்தது. பத்து வருடமாகத் தடவியது ஒரே மழைக்காலத்தில் இளகி, குழாய் வழியே கிளம்பி வந்தது. முன்பு அந்த இடத்தில் இருந்தது ஒரு பித்தளை வலை. அரிசி சலிக்கிற சல்லடைக்குச் சற்று நெருக்கம், அவ்வளவுதான். அது இருந்திருந்தால் கூழ் அதைத் தாண்டிப் போய் கார்புரேட்டரில் விழுந்திருக்கும். வண்டி இருமியிருக்கும். இழுத்து இழுத்தாவது வீட்டுக்கு வந்திருக்கும். வெனிலா போட்டது பத்து மைக்ரான் காகிதம், மயிரிழையைவிடப் பல மடங்கு சிறிய துளை. வரக்கூடாததை வரவிடாமல் தடுப்பது அதன் வேலை. அதைச் சரியாகச் செய்தது.

அவள் கையைத் துடைக்காமல் ஷெட்டின் வாசலுக்கும் காருக்குமாக நடந்தாள். நான்கு முறை. ஐந்தாவது முறை நின்றாள்.

"பாய், அப்பாவுக்கு இது தெரிஞ்சிருக்கும். பம்ப்புக்கு முன்னாடி ஹோஸக் கழட்டினா பெட்ரோல் வரலன்னு தெரியும். ஃபில்டரக் கழட்டிட்டு நேரா ஜாயிண்ட் குடுத்திருக்கலாம். ரெண்டு நிமிஷ வேலை. நீங்க அதத்தான செஞ்சி வச்சிருக்கீங்க. அவர் ஏன் செய்யல?"

யாஹ்யா தோளில் கிடந்த துண்டை எடுத்தார்.

"தெரியாத ஆளா அவரு?"

"தெரியும்மா. நானே சொன்னேன்."

"எப்போ சொன்னீங்க?"

அவர் ஒரு டயரை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். முகத்தைத் துண்டால் அழுத்தித் துடைத்துக்கொண்டார். "வண்டி நின்ன ஒடனே எனக்குத்தான் போன் பண்ணாரு. பதினோரு மணி இருக்கும். பாய், பெட்ரோலு ஏறல, பம்ப்புக்கே வரலன்னாரு. நான் சொன்னேன், அந்த டப்பாவக் கழட்டிக் கடாசிட்டு ஹோஸ மாட்டுண்ணே, ஓடும்னு."

"அப்பா இன்னா சொன்னாரு?"

"அது வாணாம்மா."

"சொல்லுங்க."

"'அது எம்பொண்ணு போட்டது பாய். அதுல கோளாறு இருக்காது. அவ அதே வேலையா இருக்கறவ. நீ வேற எதுனா சொல்லு'ன்னாரு." யாஹ்யா தரையைப் பார்த்துக்கொண்டே பேசினார். "நானும் வுடல. அண்ணே, கழட்டிப் பாத்துட்டு மாட்டிக்கயேன், அவளுக்கு இன்னா தெரியப் போவுதுன்னேன். 'அவ இறுக்கின கிளிப்ப நான் கழட்ட மாட்டேன். டேங்க்கு மூடியில காத்து அடைச்சிருக்கும், பாக்கறேன். இல்லன்னா பம்ப்பா இருக்கும். நீ கெளம்பி வா'ன்னாரு. மொண்டி புடிச்சாருன்னா தெரியுமில்ல உனக்கு."

வெனிலாவுக்குத் தெரியும்.

"பத்து நிமிஷத்துல வர்றேன்னு சொன்னேன். இங்க ஒரு வண்டி கிளட்ச் பிரிச்சிப் போட்டது போட்டபடி கெடந்தது. அத மூட்டிட்டுக் கெளம்பறதுக்கு முக்கா மணி நேரம் ஆயிடுச்சி. நான் போறதுக்குள்ள மவுத்தாயிட்டாரு." அவர் மூக்கை உறிஞ்சினார். "வண்டிய இழுத்துக்கினு வந்து மொத வேலையா அதத்தான் கழட்டினேன். ஊதிப் பாத்தேன். காத்துகூடப் போவல. உன் கண்ணுல படவே கூடாதுன்னு மேல வச்சேன். தூக்கிப் போடவும் மனசு வரல."

வெனிலா விரித்த காகிதத்தின் முன்னால் போய் நின்றாள். தொழிற்சாலையில் என்றால் இதற்கு ஒரு படிவம் உண்டு. காரணம் என்ற கட்டத்தில் ஒன்றைத்தான் எழுத வேண்டும். சோப்பு என்று எழுதலாம். தண்ணீர், எத்தனால் என்று எழுதலாம். மடிப்புக் காகிதம், பத்து மைக்ரான், போட்டவர் வெனிலா என்று எழுதலாம். எல்லாமே சரிதான். எதுவுமே அவர் கழற்றாததை விளக்காது. அந்த வண்டியில் அவர் சந்தேகப்படாமல் விட்டது ஒன்றே ஒன்று.

அழுகை வரவில்லை. உட்காரவும் முடியவில்லை. "டேங்க்க எறக்கலாம் பாய்" என்றாள்.

"இப்பவா? அந்தாளு ஞாயித்துக்கெழம வந்தா அப்படியே எடுத்துக்கட்டுமே. இன்னும் இன்னாத்துக்கு?"

"சோப்பு வச்ச டேங்க்கோட ஒருத்தருக்குக் குடுக்க முடியாது. அவரும் நடுரோட்டுல நிப்பாரு."

யாஹ்யா ஒரு கணம் அவளைப் பார்த்துவிட்டு ஜாக்கியை எடுத்து வந்தார். இருவருமாக டேங்க்கை இறக்கினார்கள். துளையைச் சுற்றியிருந்த சோப்பைச் சுரண்டினார்கள். உள்ளே தண்ணீர் ஊற்றி, ஒரு முழம் சைக்கிள் செயினைப் போட்டுக் குலுக்கினார்கள். முதல் நான்கு தடவை நுரை பொங்கிக்கொண்டு வந்தது. ஒன்பதாவது தடவை தண்ணீர் தெளிந்தது. டேங்க்கை வெயிலில் கவிழ்த்து, காற்றடித்துக் காய வைத்தார்கள். பக்கத்துத் தெருவில் கொடுத்து ஓட்டையைப் பித்தளைப் பற்று வைத்து அடைத்து வாங்கினார்கள். பழைய ரப்பர் ஹோஸ் எல்லாவற்றையும் எத்தனாலைத் தாங்குகிற புதியதாக மாற்றினார்கள். மரைகளுக்குப் பசை எதுவும் வேண்டியிருக்கவில்லை. ஒழுங்காக இறுக்கினால் போதும் என்று இருந்தது. நடுவில் யாஹ்யா பிரியாணிப் பொட்டலம் வாங்கி வந்தார். அவள் நின்றுகொண்டே நான்கு வாய் சாப்பிட்டாள்.

மூன்றரை மணிக்கு, புதுப் பெட்ரோல் ஊற்றிய பிறகு, பம்ப்பின் அடியில் இருக்கிற சின்னக் கைப்பிடியை வெனிலா அழுத்தினாள். ஏழெட்டு அழுத்தலில் பெட்ரோல் ஏறியது. சாவியைத் திருப்பினாள். இன்ஜின் பிடித்துக்கொண்டது.

"நான் எடுத்துக்கினு போறேன் பாய். ஞாயித்துக்கெழம அவர வீட்டுக்கு வரச் சொல்லுங்க."

"அம்மாகிட்ட இதெல்லாம் சொல்லாத. அவங்க மனசு கொழுந்துவிட்டு எரியும். பாய்ண்ட்டு பாய்ண்ட்டாவே இருக்கட்டும்."

"பாக்கலாம்."

வழியில் அந்த இடம் வந்தது. ரோட்டோரத்தில் கொய்யாக் கூடையோடு அந்த அம்மா உட்கார்ந்திருந்தாள். வெனிலா வேகத்தைக் குறைத்தாள். நிறுத்தலாமா என்று யோசிப்பதற்குள் பின்னால் வந்த லாரி ஹாரன் அடித்தது. வண்டி அந்த இடத்தைத் தாண்டிவிட்டது. சுங்கச்சாவடி வரை ஒரு இருமல்கூட இல்லை. அவ்வளவு சுத்தமாக அது ஓடியது அவளுக்குத் தாங்கவில்லை. ஓங்கூர் பக்கம் போகிற பேருந்து ஒன்றைத் தேவையே இல்லாமல் முந்தினாள்.

வீட்டுக்கு வந்தபோது ஜெபமாலைக்குப் பெண்கள் வரத் தொடங்கியிருந்தார்கள். வாசலில் செருப்புகள். வண்டிச் சத்தம் கேட்டதும் சூசை மேரி சமையலறையிலிருந்து வெளியே வந்தாள். கையில் மாவு. பானெட்டைப் பார்த்தாள். டிரைவர் சீட்டில் மகளைப் பார்த்தாள்.

"இத ஏண்டி இங்க கொண்டாந்த? அங்கியே நிக்கட்டும்னு சொன்னேனில்ல."

வெனிலா இறங்கி, கதவைச் சாத்தாமலே சொன்னாள். நின்ற இடத்தில் நின்றபடி, அறிக்கை வாசிக்கிற மாதிரி. "பாய்ண்ட் தீயல. நான் போட்ட ஃபில்டர் அடைச்சிக்கிச்சி. அதனாலதான் வண்டி நின்னுது. அப்பா தடவின சோப்பு கரைஞ்சி வந்து அதுல அடைச்சிக்கிச்சி. கழட்டியிருந்தா ஓடியிருக்கும். நான் போட்டதுன்னு அவரு கழட்டல. நான் போடலன்னா வீட்டுக்கு வந்திருப்பாரு."

சூசை மேரி கேட்டுக்கொண்டு நின்றாள். மாவு விரல்களில் காய்ந்துகொண்டிருந்தது.

"கழட்டலன்னு உனக்கு யாரு சொன்னா?"

"பாய். அப்பா அவருக்கு போன் பண்ணியிருக்காரு. பாய்தான் கழட்டச் சொல்லியிருக்காரு. அப்பா மாட்டேன்னுட்டாரு. மா, நான்தான் பத்து மைக்ரான்…"

"இரு." அம்மா கையை நீட்டித் தடுத்தாள். "யாரு யாருக்கு போன் பண்ணது?"

"அப்பா. பாய்க்கு."

"எப்போ?"

"வண்டி நின்ன ஒடனே."

"எவ்ளோ நேரம் பேசினாரு?"

"அஞ்சு நிமிஷம் இருக்கும். மா, நான் சொல்றது உனக்குப் புரியுதா? என்னோட ஃபில்டர்…"

"இன்னாடி, பாவசங்கீர்த்தனம் பண்றியா? அத சாமியார்கிட்ட போய்ப் பண்ணு. எங்கிட்ட அவரு பேசினதச் சொல்லு."

இருபத்து நான்கு நாளாக, துக்கம் கேட்க வந்தவர்களிடமெல்லாம் சூசை மேரி சொல்லி அழுதது ஒன்றைத்தான். நடுரோட்டில், அநாதை மாதிரி, யாரிடமும் ஒரு வார்த்தை பேசாமல் போய்விட்டார் என்று. வெனிலா அதை எத்தனையோ முறை பக்கத்தில் நின்று கேட்டிருக்கிறாள். தன் கேள்வி காதை அடைத்துக்கொண்டிருந்ததில் அது அவளுக்கு உறைக்கவில்லை.

அவள் சொல்ல ஆரம்பித்தாள். பாதியிலேயே அம்மா, "நீ சொல்றது வாணாம். பாய்க்குப் போன் போடு. சத்தமா வையி" என்றாள்.

யாஹ்யா எடுத்தார். "சொல்லிட்டாளா? நான் சொல்லாதன்னு…"

"பாய், அவரு உங்ககிட்ட இன்னா பேசினாரு? ஒண்ணும் வுடாம சொல்லுங்க."

யாஹ்யா சொன்னார். பெட்ரோல் ஏறவில்லை என்றது. டப்பாவைக் கழற்றச் சொன்னது. "'அது எம்பொண்ணு போட்டது பாய், அதுல கோளாறு இருக்காது'ன்னாரு. மொண்டி புடிச்சாரும்மா."

"புடிப்பாரு," என்றாள் சூசை மேரி. "அப்பறம்?"

"டேங்க்கு மூடியப் பாக்கறேன்னாரு. நீ கெளம்பி வான்னாரு."

"அப்பறம்?"

"'வரும்போது தண்ணி வாங்கிக்கினு வா. கூலிங்கு இல்லாததா வாங்கு'ன்னாரு."

"ஜில்லுன்னு குடிச்சா ஆவாது அவருக்கு. தொண்ட கட்டிக்கும். அப்பறம்?"

"அவ்ளோதாம்மா. வச்சிட்டாரு."

உள்ளேயிருந்து, ஜெபமாலைக்கு வந்திருந்த அமலா எட்டிப் பார்த்து, "ஆரம்பிக்கலாமாக்கா?" என்று கேட்டாள். சூசை மேரி திரும்பாமலே, பொறு என்று கையைக் காட்டினாள். மாவு படாத கையால் வண்டியின் கதவைப் பிடித்துக்கொண்டு, டிரைவர் சீட்டின் விளிம்பில் மெதுவாக உட்கார்ந்தாள். கொஞ்சம் நகர்ந்து, மகளுக்கும் இடம் விட்டாள்.

வெனிலா உட்கார்ந்தாள்.

"பாய், வச்சிடாதீங்க" என்றாள் சூசை மேரி. "மொதல்லேர்ந்து இன்னொரு தடவ சொல்லுங்க."

யாஹ்யா தொண்டையைக் கனைத்துக்கொண்டு, போன் அடித்த இடத்திலிருந்து ஆரம்பித்தார்.